அளவு குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் வாவிக்கரை வழக்கும்

ஒரு பொருளின் குணத்தைக் கூறும் சொல் ஒன்று. அக்குணம் எவ்வளவினது என்று கூறும் சொல் மற்றொன்று. 'ஆழமான துறை' என்னுமிடத்து ஆழம் குணம். 'மிக ஆழமான துறை' என்னுமிடத்து 'மிக' என்பது அக்குணத்தின் அளவைக் காட்டி நிற்கின்றது. ஆங்கில மொழியிலே பெயரடையைச் சார்ந்து நின்று இத்தொழிலைப் புரியும் சொற்கள் பல. வெரி, டூ, சோ, மச், குவைட், ராதர், ஃபேர்லி, இனஃப் என்பன அவற்றுள் அன்றாடம் வழங்குவன. இவற்றை அளவைச் சொற்கள் எனலாம். உருவத்தாற் சிறியனவாகிய இச்சொற்கள் வாக்கியம் ஒன்றின் கருத்தை முழுவதும் மாற்றிவிடும் ஆற்றலுடையன. ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் இலக்கணத்தின் பெரும்பகுதிகளைக் கடந்து வந்தும் இச்சிறு சொற்களிலே இடறுகின்றனர்.

இடறுவதால் வரும் நட்டம் பரீட்சைப் புள்ளிகளோடு ஒழிவதன்று. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, சூரியன் படும் திசையிலுள்ள படுவான்கரை ஊரொன்றிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதப்படுகின்றதென்று வைத்துக்கொள்ளலாம். மாரிகாலத்திலே துறையில் நீர் பெருகுகின்றது. பிள்ளைகள் மறுகரைப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லல் இயலாதாகின்றது. ஆகவே பாலம் வேண்டும் என்பது முறையீடு. எழுதுவோர் நீர் 'வெரி டீப்' என்று எழுதி முடித்துவிடுகின்றார். அதனைப் படிக்கும் உத்தியோகத்தருக்கு வாவியின் இயல்பொன்று தெரியவருகின்றதேயன்றி மக்களுடைய இடர் தெரியவில்லை. ஆழமான நீர்நிலைகள் உலகிற் பல உள. 'டூ டீப்' என்று எழுதியிருப்பின், பிள்ளைகள் கடக்கமாட்டாத ஆழம் என்னும் செய்தி அச்சிறு தொடரிலேயே அடங்கியிருக்கும். மனுவின் உயிர் அச்சொல்லிலே உள்ளது.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. பரிசளிப்பு விழாவிலே தலைமை தாங்கியவருக்கு நன்றி கூறும் மாணவன், அவருடைய பேச்சு மிக நீண்டதும் பயனுடையதுமாக இருந்தது என்னும் கருத்திலே 'டூ லோங்' என்று கூறிவிடுவானாயின், பேச்சுப் பொறுக்கமுடியாதவாறு நீண்டுவிட்டது என்பதே சபையோர் கொள்ளும் பொருள். அது உண்மையாகவும் இருக்கலாம். எனினும் நன்றியுரையிற் கூறத்தக்கதன்று.

ஆங்கிலம் இவ்வாவிக்கரைக்குப் புதியதன்று. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814 ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கினார். மறு வருடமே இறந்தும் போனார். அவர் தொடக்கிய பணியே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873 இலே புனித மிக்கேல் கல்லூரி தோன்றிற்று. அக்கல்லூரியிற் பயின்றவர்களுள் ஒருவரே, காரைதீவில் 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள். 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கு ஆசிரியராயிருந்த அவரே, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகளிலே கணிதமும் சரித்திரமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. நாள்தோறும் அவற்றைக் கேட்டுப் பழகிய மாணவனுக்கு, 'வெரி' எங்கே வரும், 'டூ' எங்கே வரும் என்பது விதி கூறாமலே செவியிற் பதிந்துவிட்டது. 1945 இல் இலவசக் கல்வித் திட்டம் வந்தபின் தாய்மொழி படிப்படியாகக் கல்விமொழியாயிற்று. ஆங்கிலம் இரண்டாம் மொழிப் பாடமாயிற்று. நேர்மையான மாற்றமே அது. ஆயினும் செவி இருந்த இடத்தைப் பொருளட்டவணை பிடித்துக்கொண்டது. கொப்பியிலே 'வெரி' என்பதற்கு நேரே 'மிக' என்றும், அதன்கீழ் 'டூ' என்பதற்கு நேரே 'மிகமிக' என்றும் எழுதிக்கொள்ளும் மாணவன், இரண்டாவது சொல் முதலாவதிலும் வலியது என்று எண்ணிவிடுகின்றான். பிழைகளிற் பெரும்பாலானவற்றுக்கு வேர் இவ்வெண்ணமே.

'டூ' என்பது 'வெரி' என்பதிலும் வலிய சொல் அன்று. வேறு வகையான சொல். வாவியிலே ஓர் அளவுகோல் நடப்பட்டிருப்பதாகக் கொள்ளின் இது விளங்கும். கோலிலே நீர் உயர உயர 'டீப்' என்னும் குணம் மிகும். மக்கள் வழக்கமாக ஆழம் என்று கொள்ளும் நிலைக்கும் நெடுந்தூரம் மேலே நீர் ஏறி நிற்பின், அது 'வெரி டீப்'. இங்கே ஒப்புநோக்கப்படுவது பிற நீர்நிலைகளின் பொதுவான ஆழம். 'டூ டீப்' என்று கூறுவதற்கோ கோல் மட்டும் போதாது. யாருக்கு, எதற்கு என்னும் வினாவும் வேண்டும். ஒரு நோக்கமே அக்கோலின்மேல் ஒரு கோட்டைக் கீறுகின்றது. நீர் அக்கோட்டைக் கடந்துவிட்டது என்பதையே 'டூ' கூறும்.

3 அடி நீர் எவருடைய கணக்கிலும் 'வெரி டீப்' ஆகாது. எனினும் நடந்து கடக்கவேண்டிய 5 வயதுப் பிள்ளைக்கு அது 'டூ டீப்'. அதே நீர் நின்று வலை வீசுவோனுக்கு ஏற்ற ஆழம். பாரமேற்றிய பெரிய இயந்திரப் படகுக்கோ அவ்வாழம் போதாது. அப்பொழுது 'நொட் டீப் இனஃப்' என்பர். நீர் மாறவில்லை, கோடு மாறிற்று. மறுபுறம், நடுக்கடல் 'வெரி டீப்' என்பதில் ஐயமில்லை; ஆயினும் கப்பல் செல்வதற்கு அது ஒருபோதும் 'டூ டீப்' ஆவதில்லை. ஆகவே, மிக ஆழமாயிருந்தும் அளவு கடவாதிருத்தல் கூடும்; சிறிதும் ஆழமில்லாதிருந்தும் அளவு கடந்திருத்தல் கூடும். இவ்வேறுபாட்டை ஒருமுறை கண்டுகொண்ட மாணவன் பின்னர் இரண்டு சொற்களையும் மயங்கான்.

அமெரிக்க மொழியியலறிஞர் எட்வேட் சப்பீர் மறைந்தபின், 1944 இல் வெளிவந்த அவருடைய கட்டுரையொன்று, மனிதன் எண்ணி அளவிடுவதற்கு முன்னரே கூடியது குறைந்தது என்று ஒப்பிட்டுத் தரம் காண்கின்றான் என்பதை விரித்துரைத்தது. டுவைட் பொலிஞ்சர் என்பார் 1972 இலே இவ்வளவைச் சொற்களைப் பற்றியே தனியொரு நூல் வெளியிட்டார். உருவிற் சிறிய சொற்களுக்கு ஒரு முழு நூல் வேண்டுமா என்று எண்ணுவோர், மேற்கூறிய மனுவை மீட்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.

'டூ' என்னும் சொல்லின் உள்ளே ஓர் எதிர்மறையும் மறைந்து கிடக்கின்றது. 'டூ டீப் டு குரொஸ்' என்னும் தொடரிலே 'இல்லை' என்னும் பொருள் தரும் சொல் யாதுமில்லை. ஆயினும் கடக்கமுடியாது என்பதே கருத்து. தமிழிலே அவ்வெதிர்மறை வெளிப்பட நிற்கும்: 'கடக்கமுடியாத அளவு ஆழம்' என்போம். தமிழ் வாக்கியத்தை மனத்திற் கொண்டு ஆங்கிலம் எழுதுவோன், அந்த 'முடியாத' என்பதற்கு ஈடாக 'நொட்' என்னும் சொல்லையும் அங்கே புகுத்திவிடுகின்றான், கருத்துத் தலைகீழாகின்றது. எதிர்மறையை வெளிப்படக் கூற வேண்டின் 'சோ' என்னும் சொல்லே உதவும். 'சோ டீப் தட்' என்று தொடங்கி, கடக்கமுடியாது என்பதைப் பின்வரும் வாக்கியத்தில் முழுதாகக் கூறிவிடலாம். 'சோ' என்பது 'அவ்வளவு' என்பதுபோலத் தனித்து நிற்க விரும்பாத சொல். 'அவ்வளவு ஆழம்' என்று ஒருவர் நிறுத்திவிட்டால், எவ்வளவு என்று கேட்கத் தோன்றுமன்றோ? வியப்புக் குறித்த பேச்சிலே அது தனித்து வருதல் உண்டெனினும், அறிக்கையிலும் பரீட்சைத் தாளிலும் 'தட்' வாக்கியம் தொடர எழுதுவதே தக்கது.

'யூ ஆர் டூ கைன்ட்' என்று ஆங்கிலேயர் உபசாரமாகக் கூறுவது இவ்விதிக்கு மாறானது போலத் தோன்றும். ஆராயின் அதுவும் விதிக்குள் அடங்குவதே. என் தகுதி என்னும் கோட்டையும் உமது தயை கடந்துவிட்டது என்பது அதன் பொருள். உண்மையில் விதிக்கு அடங்காதது 'ஒன்லி டூ க்ளாட்' என்னும் தொடர். மகிழ்ச்சி அளவு மிஞ்சிவிட்டது என்று அது பொருள்படாது. மிக்க மகிழ்ச்சியுடன் செய்வேன் என்றே பொருள்படும். இதனை மரபு என்று கொண்டு மனனம் செய்வதன்றி வேறு வழியில்லை. ஆனால் நற்சான்றுப் பத்திரம் ஒன்றிலே ஒருவரை 'டூ ஒனெஸ்ட்' என்று எழுதுவது உபசாரமாகாது. நேர்மை அவருடைய தொழிலுக்கு இடையூறாகிவிட்டது என்றே வேலை கொடுப்போர் கருதுவர்.

இனி, 'வெரி', 'டூ', 'இனஃப்' என்னும் மூன்றையும் 'மிக' என்னும் ஒரே சொல்லைச் சுற்றி விளக்க முயல்வதிலேயே இடர்ப்பாடு தொடங்குகின்றது. ஏட்டுத் தமிழிலே அளவு கடத்தலைக் காட்ட 'மிகை' என்றும் 'அளவுக்கு மிஞ்சிய' என்றும் சொற்கள் உளவேனும், அவை மாணவனுடைய நாவில் எளிதில் வருவனவல்ல. அவன் வீட்டு அடுக்களையிலோ இம்மூன்று கருத்துக்களுக்கும் மூன்று வேறு சொற்கள் நாள்தோறும் வழங்குகின்றன. தேநீர் கொதிக்கக் கொதிக்க வந்தால் 'சரியான சூடு' என்கின்றார்கள். கறியிலே உப்பு மிஞ்சினால் 'உப்புக் கூடிப்போச்சு' என்கின்றார்கள். சுருக்கமாக 'உப்புக் கூட' என்றும் கூறுவர். சோறு போதுமா என்று வினவும் தாய் 'காணுமா?' என்கின்றாள்; பிள்ளை 'காணும்' என்றோ 'காணாது' என்றோ விடை கூறுகின்றது. 'சரியான' என்பது 'வெரி'. 'கூட' என்பது 'டூ'. 'காணும்' என்பது 'இனஃப்'. உப்பு மிகுந்துள்ளது என்பதும், உண்ணமுடியாதவாறு மிகுந்துவிட்டது என்பதும் வேறு வேறு என்று அறியாத பிள்ளை வாவிக்கரையில் எங்கும் இல்லை. அவ்வறிவை வகுப்பறைக்குள்ளே அழைத்து வருவதே செய்யவேண்டியது.

இவ்வழக்குகள் ஈழத்துப் பேச்சுத் தமிழுக்குப் பொதுவானவை. தமிழகத்திலிருந்து வரும் ஒருவருக்குச் 'சோறு காணும்' என்பது முதலில் விளங்காது. அங்கே 'போதும்' என்பதே வழக்கு. பேச்சுமொழிச் சொற்களைப் பாடத்திற் கொண்டுவருதல் தகுமோ என்று ஐயுறுவோரும் உளர். மட்டக்களப்புப் பேச்சு வழக்கைப் பொறுத்தவரை அவ்வையம் அதிகம் வேண்டுவதில்லை. தமிழ்ப் பேச்சு வழக்குகள் எல்லாவற்றுள்ளும் இலக்கிய வழக்கை மிக நெருங்கி நிற்பது இதுவே என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் கருதினார்.

இங்கே வியப்புக்குரிய ஒற்றுமை ஒன்று உண்டு. 'சரியான' என்பதன் முதற்பொருள் 'பிழையற்ற', 'உண்மையான' என்பது. 'சரியான விடை' என்னுமிடத்து அப்பொருளும், 'சரியான வெயில்' என்னுமிடத்து மிகுதிப் பொருளும் தோன்றுகின்றன. ஆங்கில 'வெரி' என்பதன் வரலாறும் இதுவே. அது 'உண்மையான' என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதன் மூலம் இலத்தீன். 14 ஆம் நூற்றாண்டிலே சோசர் என்னும் கவிஞர் அச்சொல்லை 'மெய்யான' என்னும் பொருளில் ஆண்டார். மெய்யான வெப்பம் என்பது காலப்போக்கிலே மிக்க வெப்பம் என்றாயிற்று. 'வெரி' வந்து இடம்பிடிப்பதற்கு முன் பழைய ஆங்கிலத்திலே மிகுதி குறித்து வழங்கிய 'சுவீதெ' என்னும் சொல்லோ, 'வலிமை' என்னும் பொருளடியாகப் பிறந்தது. யாழ்ப்பாணத்தார் 'வலு சந்தோஷம்' என்று கூறும் 'வலு' வுக்கு அது உடன்பிறந்தது போன்றது. வாவிக்கரையார் ஒரு வழியாலும் வடகரையார் மற்றொரு வழியாலும் ஆங்கிலேயர் நடந்த பாதையிலேயே, அவர்களை அறியாமலே நடந்திருக்கின்றனர்.

'கூட' என்பதன் கதை இன்னும் சுவையானது. 'நானும் கூட' என்னுமிடத்து அது 'உடன்' என்னும் பொருள் தருகின்றது. 'உப்புக் கூட' என்னுமிடத்து மிகையைக் குறிக்கின்றது. ஆங்கில 'டூ' வும் அவ்வாறே 'நானும்' என்பதிலுள்ள உம்மைப் பொருளையும் மிகைப் பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. அது 'டு' என்னும் உருபுச் சொல்லின் அழுத்திய வடிவமேயாம். 16 ஆம் நூற்றாண்டளவிலேதான் எழுத்திலே அதனின்று வேறாயிற்று. ஒன்றன்மேல் ஒன்று சேர்தல் என்னும் கருத்திலிருந்து, சேரவேண்டிய அளவுக்கு மேலும் சேர்தல் என்னும் கருத்துப் பிறத்தல் இயல்பே. மாணவர் 'டூ' வின் இரு பொருள்களையும் இரு வேறு சொற்களாக மனனம் செய்து துன்புறுவதற்குப் பதிலாக, 'கூட' என்பதை நினைத்துக்கொண்டாற் போதும்.

மிகுதியை உணர்த்தத் தமிழிலே தனிச் சொற்கள் உண்டென்பது இலக்கணப் புலவர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்ட உண்மை. தொல்காப்பியனார் உரியியலிலே உறு, தவ, நனி என்பவற்றை மிகுதிப் பொருளனவாக ஓதினார். நன்னூலார் சால, கூர், கழி என்பவற்றையும் உடன்சேர்த்து ஆறாக்கினார். இவற்றுள் எதுவும் 'டூ' போல நோக்கம் கருதிய எல்லையைக் கடத்தலைத் தன் முதற்பொருளாகக் கொண்டதன்று. எனவே 'டூ' வுக்கு உரிச்சொற்களுள் நிகர் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்புவர். 'கூடிப்போயிற்று' என்னும் வினையே அதற்கு உற்ற துணை.

பொருள் தெளிந்தபின் நிற்குமிடம் பற்றிய சில விதிகள் வேண்டும். 'இனஃப்' என்பது பெயரடைக்குப் பின் நிற்கும். 'டீப் இனஃப்' என்பதே முறை. 'போதிய ஆழமான' என்னும் தமிழ் வைப்பைப் பின்பற்றி 'இனஃப் டீப்' என்று எழுதுதல் வழு. பெயர்ச்சொல்லோடு சேருங்கால் அது முன்னே வரும்: 'இனஃப் வோட்டர்'. 'டூ' பெயரடையோடு நேரே சேரும். பெயர்ச்சொல்லோடு சேர்வதற்கு 'மச்' அல்லது 'மெனி' என்பதன் துணை வேண்டும். உப்பு எண்ணப்படாத பொருளாதலின் 'டூ மச் சோல்ட்'. படகுகள் எண்ணப்படுவனவாதலின் 'டூ மெனி போட்ஸ்'. 'டூ மச் டீப்' என்று எழுதும் மாணவர் பலர். அவ்விரு சொற்களையும் இடம் மாற்றி 'மச் டூ டீப்' என்று எழுதினால் அதுவே செவ்விய ஆங்கிலம்; எல்லையை நெடுந்தூரம் கடந்துவிட்டது என்பது பொருள். சொற்கள் அவையே, வரிசை மாறியதும் வழு வழக்காயிற்று.

'எ' என்னும் சிறு சொல்லும் இங்கே தொல்லை தருவது. ஒருமைப் பெயர் பின்வருமிடத்து 'எ வெரி டீப் லகூன்' என்று 'எ' முதலில் நிற்கும். 'டூ', 'சோ', 'ஹவ்' என்பன வருமாயின் அவை பெயரடையைத் தம்முடன் இழுத்துக்கொண்டு முன்னே செல்லும். 'எ' பின்தங்கிவிடும்: 'டூ டீப் எ லகூன்'. 'சச்' என்பதோ பெயரடையை விட்டுத் தான் மட்டும் முன்னே செல்லும்: 'சச் எ டீப் லகூன்'. பன்மைப் பெயருக்கு முன் 'சோ டீப்' என்பது நில்லாது. அங்கே 'சச்' ஒன்றே பொருந்தும். 'டூ' வரவேண்டின், பெயரை முன்வைத்துப் பெயரடையைப் பயனிலையாக்கிக்கொள்வதே எளிது.

ஒப்புமை குறிக்கும் வடிவங்களிலே 'வெரி' செல்லாது. 'டீப்பர்' என்பதற்கு முன் 'மச்' அல்லது 'ஃபார்' வரும். 'வெரி டீப்பர்' என்பது வழு. 'மோர் டீப்பர்' என்பதும் வழுவே. ஆயினும் அது தோன்றும் காரணம் இரங்கத்தக்கது. திராவிட மொழிகளிலே ஒப்புமைக்கெனப் பெயரடை வடிவம் மாறுவதில்லை என்பதனைக் கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக் காட்டினார். 'கல்லடித் துறையிலும் மண்முனைத் துறை ஆழம்' என்னுமிடத்து 'ஆழம்' என்பது மாறாது நிற்க, ஒப்புமை முழுவதும் 'இலும்' என்பதிலேயே தங்கியுள்ளது. பெயரடையின் வாலிலே ஒட்டிய 'அர்' என்னும் சிறு விகுதி ஒப்புமைப் பொருள் முழுவதையும் சுமந்துவிட்டது என்று தமிழ்ச் செவி நம்ப மறுக்கின்றது. தனிச்சொல் ஒன்றையும் வேண்டுகின்றது. ஆனால் உச்ச வடிவமாகிய 'டீப்பஸ்ட்' என்பதற்கு முன் 'தி வெரி டீப்பஸ்ட்' என்று 'வெரி' வரக் காண்கின்றோமே எனின், அங்கே அது தன் பழைய 'மெய்யாகவே' என்னும் பொருளில் நிற்கின்றது என்க.

அளவு கொள்ளாத பெயரடைகளும் உண்டு. மண்டூர் செல்லும் படகுப் பாதையிலே ஆட்கள் நிறைந்துவிட்டால் அது 'ஃபுல்'. நிறைந்தது நிறைந்ததே, அதற்குமேல் நிறைவு இல்லை. ஆதலின் 'வெரி ஃபுல்' என்பதனினும் 'குவைட் ஃபுல்' என்பதே சிறந்தது. உறங்குகின்றவனை 'வெரி அஸ்லீப்' என்பதில்லை. 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்பர். அயர்ந்த நித்திரைக்கு 'அயர்ந்த' என்பது உரிமையானதுபோல, 'அஸ்லீப்' என்பதற்கு 'ஃபாஸ்ட்' உரிமையாயிற்று.

'ஃபேர்லி', 'ராதர்' என்னும் இரண்டும் 'ஓரளவு' என்னும் பொருளன. எனினும் பேசுவோனுடைய மனம் அவற்றிலே வெளிப்படும். விரும்பத்தக்க குணத்துக்கு 'ஃபேர்லி' யும் விரும்பத்தகாத குணத்துக்கு 'ராதர்' உம் வருதல் பெரும்பான்மை. இருவர் ஒரே அறையிலே அமர்ந்திருக்க, ஒருவர் அதனை 'ஃபேர்லி வோர்ம்' என்றும் மற்றவர் 'ராதர் வோர்ம்' என்றும் கூறுவாராயின், வெப்பமானி காட்டும் எண் ஒன்றே; முன்னவருக்குச் சூடு இதமாயிருக்கின்றது, பின்னவர் யன்னலைத் திறக்க விரும்புகின்றார். இன்னுமொன்று: 'டூ' வுக்கு முன்னும் ஒப்புமை வடிவத்துக்கு முன்னும் 'ராதர்' நிற்கும், 'ஃபேர்லி' நில்லாது.

இவற்றுள் ஆபத்து மிகுந்தது 'குவைட்'. 'முற்றும் தீர்ந்த' என்பது அதன் பழைய பொருள். 'ஃபுல்', 'ரைட்' முதலிய அளவு கொள்ளாத பெயரடைகளோடு அப்பொருள் இன்றும் உள்ளது. 'குட்' போன்ற அளவு கொள்ளும் பெயரடையோடு சேரும்போது, பிரித்தானிய வழக்கிலே அது 'ஓரளவு' என்று தாழ்கின்றது. அமெரிக்க வழக்கிலே 'மிக' என்று உயர்ந்து நிற்கின்றது. மட்டக்களப்பிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்குச் சான்றுரை எழுதுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. ஆசிரியர் தம் முதல் மாணவனைப் புகழ எண்ணி 'குவைட் குட்' என்று எழுதிய கடிதம், நியூயோர்க்கிலே புகழுரையாகவும் இலண்டனிலே அரைமனத்துடன் எழுதிய சொல்லாகவும் படிக்கப்படும். அங்கே 'வெரி குட்' என்னும் பழைய தொடரே இரு நாட்டாருக்கும் ஒருபொருள் தருவது.